ஏரிக்கரை ஓட்டப் பாதைகளும் நீர் வரத்தும்: மைசூருப் பகுதி பற்றிய ஓர் ஆய்வு

மைசூரு நகரையும் அதனை அடுத்துள்ள ஸ்ரீரங்கப்பட்டணம், பாண்டவபுரம் வட்டங்களையும் உள்ளடக்கிய நிலப்பரப்பு, காலை வேளையில் நடப்பதற்கும் ஓடுவதற்கும் இயற்கையும் வரலாறும் சேர்ந்து அமைத்துக் கொடுத்த களம் எனலாம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 760 மீட்டர் உயரம். கடுங்கோடையும் கடுங்குளிரும் இல்லாத தட்பவெப்பம். ஊருக்கு ஊர் ஏரி. காவிரியிலிருந்து பிரியும் பழங்கால்வாய்கள். அவற்றின் கரையோரம் கோட்டைகள், கோயில்கள், கல்லறை மாடங்கள். பெரிய நகரங்களில் கோடிக்கணக்கில் செலவிட்டும் உருவாக்க இயலாத வசதி இங்கே முன்னோர் விட்டுச் சென்ற சொத்தாகக் கிடக்கிறது.

உடற்பயிற்சியை ஒரு பொதுச் சுகாதாரக் கொள்கையாக அரசுகள் ஏற்றுக்கொண்டபின், இத்தகைய பாதைகளுக்குத் தனி முக்கியத்துவம் ஏற்பட்டுள்ளது. வயது வந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடலுழைப்போ, 75 முதல் 150 நிமிடங்கள் வரை கடுமையான உடலுழைப்போ மேற்கொள்ள வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட நெறிமுறை கூறுகிறது. மைய அரசின் ‘ஃபிட் இந்தியா’ இயக்கம் 2019 ஆகஸ்டு 29 அன்று தொடங்கப்பட்டது. ஏரியைச் சுற்றி நாலரைக் கிலோமீட்டர் பாதை ஒன்று இருக்குமானால், சாதாரண வேகத்தில் நடப்பவர் அதனை ஐம்பது நிமிடங்களில் சுற்றி முடிப்பார். வாரத்தில் மூன்று சுற்றுகள் போதும். குறைந்தபட்ச அளவு நிறைவேறிவிடும். மருத்துவமனைச் செலவோடு ஒப்பிட்டால் இதைவிட மலிவான சுகாதாரத் திட்டத்தைக் காண்பது அரிது.

ஆனால் ஏரிக்கரைப் பாதை என்பது தனித்து நிற்கும் சொத்தன்று. ஏரியில் நீர் இருக்கும் வரைதான் அது ஏரிக்கரைப் பாதை. நீர் வற்றி, சாக்கடை தேங்கி, ஆகாயத்தாமரை படர்ந்தபின் அதே பாதையில் மூக்கைப் பொத்திக்கொண்டு நடக்க எவரும் வருவதில்லை. எனவே பாதைக்குச் செலவிடும் பணம் பயன் தருமா என்பது, பாதையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத தூரத்திலுள்ள வரத்துக் கால்வாயைப் பொறுத்தே அமைகிறது. இந்த உறவை மைசூருவின் ஏரிகள் தெளிவாகக் காட்டுகின்றன.

குக்கரஹள்ளி: ஆயக்கட்டை இழந்த ஏரி

மைசூரு நகரின் மேற்கே, ஹுன்சூர் சாலைக்கும் போகாதி சாலைக்கும் இடையே உள்ளது குக்கரஹள்ளி ஏரி. 1864-ஆம் ஆண்டில் மும்முடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் இது அமைக்கப்பட்டது. அக்காலத்தில் மைசூர் அரசின் நிர்வாகம் ஆங்கிலேய ஆணையரின் பொறுப்பில் இருந்தது. எனினும் ஏரி வெட்டும் மரபு அரண்மனையை விட்டு அகலவில்லை. நகருக்கு வெளியே இருந்த வயல்களுக்குப் பாசன நீர் தருவதே ஏரியின் நோக்கம்.

இதற்கு நீர் வந்த வழி கவனிக்கத்தக்கது. மேற்கேயுள்ள ஹிங்கல், போகாதி முதலிய ஊர்ப் பகுதிகளில் பெய்யும் மழைநீர், பூர்ணையா கால்வாய் என வழங்கும் வரத்துக் கால்வாயின் மூலம் ஏரியை அடைந்தது. 1799 முதல் 1811 வரை திவானாக இருந்த பூர்ணையா, காவிரி நீரை மைசூர் நகருக்குக் கொண்டுவர எண்ணிக் கால்வாய் வெட்டுவித்தார். அம்முயற்சி எண்ணிய பயனைத் தரவில்லை. ஆயினும் வெட்டிய கால்வாய் வீணாகவில்லை; அதன் மேற்குப் பகுதி மழைநீரை ஏந்திச் செல்லும் வரத்துக் காலாகப் பயன்பட்டது. நகரினுள் ஓடிய பகுதி பிற்காலத்தில் மூடப்பட்டு, இன்று கடைவீதியாக விளங்கும் சயாஜிராவ் சாலைக்கு இடமளித்தது. தோல்வியுற்ற ஒரு பொதுப்பணியின் எச்சம் நூற்றாண்டுக்கு மேலாக ஓர் ஏரியை வாழவைத்தது என்பது பொருளாதார மாணவர்கள் நினைவில் கொள்ளத்தக்க செய்தி. திட்ட மதிப்பீட்டில் இத்தகைய பயன்களை எந்தக் கணக்கிலும் எவரும் முன்கூட்டி எழுதியிருக்க முடியாது.

1916-இல் நிறுவப்பெற்ற மைசூர்ப் பல்கலைக்கழகம், பின்னர் ஏரியின் வடகரையை ஒட்டி மானசகங்கோத்ரி வளாகத்தை அமைத்தது. வளாகத்திற்கு அப்பெயரைச் சூட்டியவர் 1956 முதல் 1960 வரை துணைவேந்தராக இருந்த கவிஞர் குவெம்பு. இந்த ஏரிக்கரையில் நாள்தோறும் உலாவியவர் அவர். யாதவகிரியில் வாழ்ந்த ஆங்கில நாவலாசிரியர் ஆர். கே. நாராயணும் மைசூரின் தெருக்களிலும் ஏரிக்கரையிலும் நடந்து பழகியவரே. வளாகத்தினுள் 1905-இல் கட்டப்பட்ட ஜயலக்ஷ்மி விலாச மாளிகையில் நாட்டுப்புறவியல் அருங்காட்சியகம் உள்ளது. ஏரியைச் சுற்றிவரும் மண்பாதை, மாளிகை, மரங்கள் அடர்ந்த தீவுத்திட்டு, அங்கே தங்கும் கூழைக்கடாக்கள், மஞ்சள் மூக்கு நாரைகள், பாம்புத்தாராக்கள் என அனைத்தும் ஒரு மணி நேர ஓட்டத்தினுள் அடங்கிவிடுகின்றன. நகர எல்லைக்குள் இத்தகைய வழி வேறெங்கும் எளிதில் வாய்ப்பதன்று.

நகரம் வளர்ந்தபோது வயல்கள் வீட்டுமனைகளாயின. ஏரிக்குக் கீழே ஆயக்கட்டு மறைந்தது. இந்த மாற்றத்தின் முழுப் பொருளையும் உணர்தல் வேண்டும். பாசன ஏரி ஒன்றுக்கு ஆயக்கட்டுதாரர்கள் வெறும் பயனாளிகள் மட்டுமல்லர். அவர்களே அதன் காவலர்களும் ஆவர். கோடையில் வரத்துக் காலைத் தூர்வாரியவர்களும், கரையில் எலி வளையும் நண்டு வளையும் தோன்றினால் அடைத்தவர்களும், மேற்புறத்தில் ஒருவர் கால்வாயை மறித்தால் சண்டைக்குச் சென்றவர்களும் அவர்களே. கர்நாடக ஊர்களில் ‘நீர்கண்டி’ எனவும் தமிழக ஊர்களில் ‘நீர்க்கட்டி’ எனவும் வழங்கிய ஊழியர் மதகைத் திறந்து அடைத்து நீரைப் பங்கிட்டார். அதற்கு விளைச்சலில் பங்கு பெற்றார். தமிழில் தூம்பு என்பதைக் கன்னடத்தில் தூபு என்பர். உபரிநீர் வெளியேறும் இடம் அங்கே கோடி, இங்கே கலிங்கு. பெயர்கள் நெருங்கியிருப்பதற்குக் காரணம் முறையே ஒன்றாயிருந்ததுதான். வயல் போனதும் நீர்கண்டியின் வேலையும் போயிற்று. வரத்துக் காலுக்காகச் சண்டையிட ஊரில் ஆளில்லை.

காலியான அந்த இடத்தை இன்று நிரப்பக்கூடியவர்கள் ஏரியில் நடப்பவர்களும் ஓடுபவர்களுமே. காலை ஆறு மணிக்கு வரும் ஓய்வுபெற்ற ஊழியர், கல்லூரி மாணவி, நெடுந்தூர ஓட்டத்திற்குப் பயிற்சி பெறும் இளைஞர் ஆகியோரே இன்றைய புதிய ஆயக்கட்டுதாரர்கள். பழைய ஆயக்கட்டுதாரருக்கும் இவர்களுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. முன்னவரின் கவனம் மேற்கே, நீர் வரும் திசையில் இருந்தது. பின்னவரின் கவனம் காலடியில், பாதையின் மேல் இருக்கிறது. குண்டு குழியைப் பற்றியும் இருக்கையைப் பற்றியும் விளக்கைப் பற்றியும் மனுக்கள் வருகின்றன. வரத்துக் காலைப் பற்றி வரும் மனுக்கள் குறைவு. அதிகாரிகளும் மனுவுக்கேற்ப மதிப்பீடு தயாரிப்பது இயல்பே. மேலும் நடைபாதையில் திறப்பு விழாக் கல்வெட்டுக்கு இடமுண்டு. தூர்வாரிய கால்வாய்க்குக் கல்வெட்டு வைப்பார் இல்லை.

ஒரு சிறு கணக்கு

இங்கு ஒரு சிறு கணக்கு உதவும். ஒரு ஹெக்டேர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் கிடைக்கும் நீர் 10 கன மீட்டர். மைசூருப் பகுதியில் ஆண்டு மழை ஏறத்தாழ 750 மில்லிமீட்டர் என்று கொண்டால், ஹெக்டேருக்கு 7,500 கன மீட்டர். அதில் ஐந்தில் ஒரு பங்கே ஓடிவந்து சேரும் என வைத்துக்கொண்டாலும் 1,500 கன மீட்டர். நீர்ப்பிடிப்பில் 100 ஹெக்டேர் நிலத்தின் ஓட்டம் மறிக்கப்பட்டால் ஏரி ஆண்டுதோறும் ஒன்றரை லட்சம் கன மீட்டர் நீரை இழக்கிறது.

மறுபக்கம், தென்னிந்தியப் பீடபூமியில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரமுள்ள நீர் ஆவியாகிறது எனக் கொள்ளலாம். ஏரியின் மேல் நேரடியாகப் பெய்யும் மழை முக்கால் மீட்டர். வெளியிலிருந்து சொட்டு நீரும் வராத ஏரி, கசிவைக் கணக்கில் சேர்க்காமலே, ஆண்டுக்கு முக்கால் மீட்டர் இறங்கும். சராசரி ஆழம் இரண்டு, மூன்று மீட்டர் உள்ள ஏரி நான்கு ஆண்டுகளுக்குள் வறண்ட திடலாகிவிடும். இவை எடுத்துக்காட்டுக்கான எண்களே. எனினும் எந்த ஏரிக்கும் அதற்குரிய அளவுகளை இட்டு மாணவர்கள் இக்கணக்கைச் செய்து பார்க்கலாம்.

நடைமுறையில் நீர் வராமல் நின்றுவிடுவதைவிட மோசமான நிலை ஒன்று உண்டு. மனைப்பிரிவுகளின் சாக்கடை வரத்துக் காலில் கலக்கிறது. தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகுந்த அந்நீர் ஏரியில் பாசியையும் ஆகாயத்தாமரையையும் வளர்க்கிறது. அவை அழுகும்போது நீரில் கரைந்துள்ள பிராணவாயு குறைந்து மீன்கள் இறக்கின்றன. குக்கரஹள்ளி ஏரி இத்துன்பத்தை அனுபவித்துள்ளது. ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியோடு நடைபெற்ற நகர்ப்புற அடிப்படை வசதித் திட்டத்தின் கீழ் மைசூரில் ஏரிச் சீரமைப்பும் கழிவுநீர் தடுப்பும் மேற்கொள்ளப்பட்டன. இத்தகைய பணிகளில் எளிதான வழி, சாக்கடை வரும் கால்வாயின் வாயை அடைத்துவிடுவது. அதனால் சாக்கடை நிற்கிறது, மழைநீரும் நிற்கிறது. நோயைத் தீர்க்க உணவை நிறுத்துவது போன்ற சிகிச்சை இது. கழிவுநீருக்குத் தனிக் குழாய், மழைநீருக்குத் தனிக் கால் என்று பிரிப்பது செலவும் காலமும் பிடிக்கும் வேலையாயினும் அதற்கு மாற்று இல்லை.

தூர்ந்துபோன ஏரியின் கதி என்ன என்பதற்கு அதே நகரில் சான்று உண்டு. தசரா பொருட்காட்சி நடைபெறும் இடத்தின் பெயர் தொட்டகெரே மைதானம். தொட்டகெரே என்றால் பெரிய ஏரி. ஏரி போய் மைதானம் வந்துவிட்டது. பெயர் மட்டும் நிற்கிறது.

கட்டணமும் காவலும்

காரஞ்சி ஏரியும் லிங்காம்புதி ஏரியும் வேறு இரு முறைகளைக் காட்டுகின்றன. சாமுண்டி மலையின் அடிவாரத்தை நோக்கியுள்ள காரஞ்சி ஏரி, 1892-இல் தொடங்கப்பட்ட மைசூரு மிருகக்காட்சி சாலையின் பொறுப்பில் உள்ளது. பறவைக் கூடமும் படகுத்துறையும் அங்கே உண்டு. கரையில் மைய அரசின் வட்டார இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 1995 முதல் இயங்குகிறது. வேலி, வாயில், நுழைவுக் கட்டணம், குறித்த நேரம் ஆகிய ஒழுங்குகளோடு இந்த ஏரி நடத்தப்படுகிறது. பராமரிப்புக்கு வருவாய் கிடைக்கிறது. ஏரி தூய்மையாகவும் இருக்கிறது. ஆனால் விடியற்காலையில் ஓட விரும்புவோருக்கு அது பயன்படும் இடமன்று.

லிங்காம்புதி ஏரி நகரின் தென்மேற்கே ஸ்ரீராம்புரா அருகில் உள்ளது. மும்முடி கிருஷ்ணராஜ உடையார் தம் அரசியரில் ஒருவரான லிங்காஜம்மணியின் நினைவாக 1828-இல் இதனை அமைத்தார் என்பது வரலாறு. அருகே மகாலிங்கேசுவரர் கோயிலும் உண்டு. ஏரி வனத்துறையின் பொறுப்பில் இருப்பதால் கரைப்பாதை பெரும்பாலும் மண்ணாகவே விடப்பட்டிருக்கிறது. ஓடுபவர்களுக்கு அது வரம். ஒரு பகுதியில் தோட்டக்கலைத் துறையின் தாவரவியல் பூங்கா அமைந்துள்ளது.

பொருளாதார நோக்கில் பார்த்தால், காலை நடை என்பது பெரும்பாலும் பொதுப் பண்டத்தின் இயல்பு கொண்டது. ஒருவர் நடப்பதால் மற்றவருக்குரிய பாதை குறைவதில்லை. நெரிசல் உண்டாகும் வரை கூடுதலாக வரும் ஒருவரால் ஏற்படும் செலவும் ஏறத்தாழ இல்லை. அத்தகைய பண்டத்திற்கு நாள்தோறும் கட்டணம் விதித்தால், எவருக்கு அது மிகவும் தேவையோ அவரே முதலில் விலகுவார். மாதச் சம்பளக்காரர் உடற்பயிற்சிக் கூடத்திற்குச் செல்வார். வீட்டுவேலை செய்யும் பெண்ணுக்கும், சில்லறை வியாபாரிக்கும் ஏரிக்கரையைத் தவிர வேறு இடமில்லை. சுற்றுலாப் பயணிக்குக் கட்டணம், நடப்பவருக்கு விடியற்காலை இலவச அனுமதி என இரண்டையும் நேரத்தால் பிரிப்பதே ஏற்புடையது. வேலி பற்றியும் ஒரு சொல். வேலி குப்பை கொட்டுவோரைத் தடுக்கிறது. உடன் ஆடு மேய்ப்பவரையும், மீன் பிடிப்பவரையும், துணி வெளுப்பவரையும் தடுத்துவிடுகிறது. அவர்களுடைய பழைய உரிமைகளைப் பதிவு செய்து, மாற்று ஏற்பாடு செய்தபின் வேலியிடுவதே முறை.

கால்வாய்க் கரையில் நெடுந்தூர ஓட்டம்

மைசூருவிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஸ்ரீரங்கப்பட்டணம் காவிரி இரண்டாகப் பிரிந்து கூடும் தீவு. நீளம் ஏறத்தாழ 5 கிலோமீட்டர். மேற்கு முனையில் கோட்டையும் அரங்கநாதர் கோயிலும். கோட்டையினுள் 1799 மே 4 அன்று திப்பு சுல்தான் வீழ்ந்த இடம். கிழக்கே 1784-இல் கட்டப்பட்ட தரியா தௌலத் மாளிகை. அதற்கும் கிழக்கே ஹைதர் அலியும் திப்புவும் அடங்கிய கும்பஸ். முடிவில் ஆற்றின் இரு கிளைகள் சேரும் சங்கமம். மேற்கிலிருந்து கிழக்காக ஒருமுறை ஓடினால் மைசூர் அரசின் இருநூறு ஆண்டு வரலாற்றைக் கடந்துவிடலாம். வரலாற்று வகுப்பை இவ்வழியே நடத்திச் செல்லும் ஆசிரியர் கரும்பலகையைத் தேட வேண்டியதில்லை.

ஓட்டக்காரர்களிடையே இப்பகுதிக்குப் பெயர் தேடித் தந்தது இத்தீவைவிட, ஆற்றின் பாசனக் கால்வாய்க் கரையே. 2000-களின் பிற்பகுதியிலிருந்து ‘காவிரி டிரெயில் மாரத்தான்’ என்னும் ஓட்டம் ஸ்ரீரங்கப்பட்டணம் அருகே, ரங்கனதிட்டு பறவைகள் சரணாலயப் பக்கமாகச் செல்லும் கால்வாய்க் கரை மண்பாதையில் நடந்துவந்துள்ளது. ஒருபுறம் கால்வாய், மறுபுறம் நெல்லும் கரும்பும். தார்ச் சாலையில் ஓடிப் பழகிய நகரவாசிகளுக்கு மண்ணும் நிழலும் ஈர்ப்பாயின.

இந்தப் பாதை எவராலும் ஓட்டத்திற்காக அமைக்கப்பட்டதன்று என்பதே இதில் முக்கியமானது. அது கால்வாயின் மேற்பார்வைப் பாதை. உடைப்பு ஏற்பட்டால் மண்ணும் கல்லும் கொண்டுசெல்லும் வழி. உழவர் வண்டி வயலுக்குச் செல்லும் வழி. பாசனம் நடக்கும் வரை கரை பேணப்படும். கரை பேணப்படும் வரை ஓட்டமும் நடக்கும். தனியாக ஒரு ரூபாயும் தேவைப்படாத ஓட்டப் பாதை இதுவே. இங்கு ஆயக்கட்டுதாரர் இன்னும் இருக்கிறார்கள். குக்கரஹள்ளிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அவ்வளவே.

ரங்கனதிட்டுவும் பாசனத்தின் பிள்ளையே. கண்டீரவ நரசராஜ உடையார் காலத்தில், 1645-க்கும் 1648-க்கும் இடையே ஆற்றின் குறுக்கே அணை கட்டப்பட்டதால் உண்டான திட்டுகளே பறவைகளின் இருப்பிடமாயின. பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் முயற்சியால் 1940-இல் சரணாலயமாகியது. 2022-இல் ராம்சர் உடன்படிக்கையின்படி பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. பிப்ரவரி முதல் மழைக்காலத் தொடக்கம் வரை நாரைகளும் அரிவாள்மூக்கன்களும் கரண்டிவாயன்களும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் காலம். ஒலிபெருக்கியோடும் வெடியோடும் ஓட்டப் பந்தயம் நடத்துவோர் இதைக் கருத்திற்கொள்ள வேண்டும். கிருஷ்ணராஜசாகர் அணையிலிருந்து மிகுதியாக நீர் திறக்கப்படும்போது திட்டுகள் மூழ்கிக் கூடுகள் அழிவதும் உண்டு. அது ஓட்டக்காரர் கையில் இல்லை.

தீவின் சின்னங்களைப் பொறுத்தவரை 1958-ஆம் ஆண்டின் தொல்சின்னங்கள் சட்டமும் அதன் 2010-ஆம் ஆண்டுத் திருத்தமும் பொருந்தும். பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக்கட்டுமானம் கூடாது; அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்டலாம். கழிப்பிடம், ஓய்வறை ஆகியவற்றை வரைபடத்தில் குறிக்குமுன் இந்த அளவுகளைச் சுற்றி வட்டமிட்டுப் பார்த்தல் நலம்.

தொண்டனூர்

பாண்டவபுரத்திற்கு அருகிலுள்ள தொண்ணூர்க் கெரே, தமிழ் வாசகருக்குத் தொண்டனூர் என்ற பெயரால் அறிமுகமானது. ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமானுசர் போசள நாட்டில் தங்கிய காலத்தோடு மரபு இந்த ஏரியையும் ஊரையும் இணைக்கிறது. இங்குள்ள கோயில்களில் தமிழ்க் கல்வெட்டுகள் பல உள்ளன. இரு பாறைக் குன்றுகளுக்கிடையே உள்ள இடைவெளியை அடைத்துக் கட்டிய கரை. அதனால் கரையின் நீளம் குறைவு, நீரின் ஆழம் அதிகம். 1746-இல் இங்கு வந்த நாசிர் ஜங், நீரின் தெளிவைக் கண்டு ‘மோதி தலாப்’ (முத்து ஏரி) எனப் பெயரிட்டார் என்பர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிப் போர்களில் பகைவருக்குப் பயன்படாதிருக்கத் திப்பு இதன் கரையை உடைப்பித்ததாகவும், பின்னர் அது செப்பனிடப்பட்டதாகவும் பழைய அரசு விவரச் சுவடிகள் குறிப்பிடுகின்றன.

இன்றும் இது பாசன ஏரி. கரையிலிருந்து கிராமச் சாலைகள் வழியே மேலுகோட்டை மலைநகர் வரை செல்வது, ஏற்ற இறக்கம் மிகுந்ததாயினும், பயிற்சி பெற்ற ஓட்டக்காரருக்கு ஏற்ற நெடுவழி. நீர் தெளிவாக இருப்பதற்குக் காரணம் நீர்ப்பிடிப்பில் பாறைக் குன்றுகளும் புதர்க்காடுகளும் இருப்பதே. விடுமுறை நாட்களில் வரும் கூட்டமும், அது விட்டுச்செல்லும் பிளாஸ்டிக் குப்பையும் இந்த ஏரிக்கு நேரும் முதல் சோதனை. சாலையோர உணவுக்கடைகளும் விடுதிகளும் பெருகி, அவற்றின் கழிவு சரிவில் இறங்கத் தொடங்கினால், நகர ஏரிகளின் வரலாறு இங்கே இரண்டாம் பதிப்பாக வெளிவரும். ஊராட்சிகள் கட்டட அனுமதி வழங்கும் கட்டத்திலேயே இதைத் தடுக்க முடியும், பின்னர் முடியாது.

பாதை எப்படி இருக்க வேண்டும்

ஐந்து கிலோமீட்டர் சுற்றளவுள்ள ஏரியைச் சுற்றி மூன்று மீட்டர் அகலத்திற்குக் காங்கிரீட்டோ பதிகற்களோ பாவினால் 15,000 சதுர மீட்டர், அதாவது ஒன்றரை ஹெக்டேர் கரைநிலம் மூடப்படுகிறது. அந்த அளவுக்கு மழைநீர் மண்ணில் இறங்குவது நிற்கிறது. ஓடுவோர் மண்பாதையையே விரும்புகின்றனர். பதிகல் பாசி படிந்து வழுக்கும். மரவேர் எழும்பினால் பெயரும். பெயர்ந்ததைச் சரிசெய்ய மீண்டும் ஒப்பந்தம். மண்பாதைக்கு வேண்டியவை சற்றே மேடான நடுப்பகுதி, நீர் வடியப் பக்கச் சரிவு, ஆண்டுக்கொருமுறை கிரவல் நிரப்புதல் ஆகியவையே. மண்கரையின் மேல் பெருமரங்களை நடுவதும் தவறு. மரம் பட்டுப்போனபின் வேர் அழுகிய துளை வழியே நீர் கசிந்து கரையை அரிக்கும். நிழல் வேண்டுமாயின் கரையின் அடிவாரத்திற்கு அப்பால் நடலாம். கரையெங்கும் இரவு முழுதும் எரியும் விளக்குகள் பறவைகளுக்குத் தொல்லை; வாயில்களில் விளக்கு போதும். சக்கர நாற்காலியில் வருவோருக்காகக் கரையின் ஒரு பகுதியை மட்டும் சமமாகப் பாவுவது நியாயமான விலக்கு.

நடப்போரின் காலடியே பாதையை அரிக்கும் என்பதை இங்கிலாந்தின் ஏரி மாவட்டம் அனுபவத்தில் கண்டது. 1951-இல் தேசியப் பூங்காவாகவும் 2017-இல் உலக மரபுச் சின்னமாகவும் அறிவிக்கப்பட்ட அப்பகுதியில், மலைப்பாதைகள் மிதிபட்டு அகன்று, மழையில் கரைந்த மண் ஓடைகளின் வழியே ஏரிகளைச் சேர்ந்தது. கற்களை அடுக்கிப் பாதையைச் செப்பனிடும் பணியில் தொண்டர்கள் பங்கு பெறுகின்றனர். சாமுண்டி மலையில் பதினேழாம் நூற்றாண்டிலேயே ஆயிரம் படிகள் அமைத்த மைசூருக்கு இந்த உத்தி புதியதன்று.

நிதியும் சட்டமும்

நிதிக்கு வழி இல்லாமலில்லை. 2001-இல் தொடங்கிய தேசிய ஏரிப் பாதுகாப்புத் திட்டம், 2013-இல் ஈரநிலத் திட்டத்தோடு இணைக்கப்பட்டு நீர்வாழ் சூழல் பாதுகாப்புக்கான தேசியத் திட்டமாயிற்று. ஊரகங்களில் 2022 ஏப்ரல் 24 அன்று தொடங்கிய அமிர்த சரோவர் இயக்கம், மாவட்டத்திற்கு 75 நீர்நிலைகள், ஒவ்வொன்றும் குறைந்தது ஓர் ஏக்கர் பரப்பும் 10,000 கன மீட்டர் கொள்ளளவும் உடையவை என்ற இலக்கை வகுத்தது. ஓர் ஏக்கரை இரண்டரை மீட்டர் ஆழம் தோண்டினால் அக்கொள்ளளவு கிடைக்கும். தோண்டுவது எளிது, நிரப்புவதற்கு வரத்து வேண்டும் என்ற பழைய பிரச்சினை இங்கும் தொடர்கிறது.

2017-ஆம் ஆண்டின் ஈரநில விதிகள் ஈரநிலத்தை வேறு பயனுக்கு மாற்றுவதையும், சுத்திகரிக்காத கழிவை விடுவதையும் தடை செய்கின்றன. ஆயினும் பாசனத்திற்கென மனிதர் அமைத்த நீர்நிலைகள் அவ்விதிகளின் வரையறைக்கு வெளியே விடப்பட்டுள்ளன. தென்னிந்திய ஏரிகளில் மிகப் பல இந்த விலக்கினுள் விழக்கூடியவை. கர்நாடகத்தில் 2014-இல் ஏரிகளுக்கென இயற்றப்பட்ட தனிச் சட்டத்தின் பணிகள் 2018-க்குப்பின் ஏரிப் பாதுகாப்பு, மேம்பாட்டு ஆணையத்திடம் சேர்ந்தன. பெங்களூரு ஏரிகளைச் சுற்றி 75 மீட்டர் இடைநிலம் விட வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 மே மாதத்தில் விதித்தது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், நகரத் திட்டத்தில் வகுத்த அளவைத் தீர்ப்பாயம் மாற்ற இயலாது எனக் கூறி அதனை நீக்கியது. அதிகாரிகளுக்கு இதிலுள்ள குறிப்பு தெளிவானது: இடைநிலமும் வரத்துக் காலும் நகரத் திட்ட வரைபடத்திலேயே இடம்பெற்றாக வேண்டும். தமிழகத்தில் கோவையின் உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் போன்றவற்றில் பொலிவுறு நகரத் திட்டத்தின் கீழ் கரைகளில் நடைபாதைகள் அமைந்துள்ளன. அவற்றுக்கு நீர் தருவது நொய்யல் ஆற்று அமைப்பு. அங்கும் கேட்க வேண்டிய கேள்வி இதுவே.

மைசூருவில் உரிமையாளர்கள் பலர். குக்கரஹள்ளி பல்கலைக்கழகத்திடமும், காரஞ்சி மிருகக்காட்சி சாலையிடமும், லிங்காம்புதி வனத்துறையிடமும் உள்ளன. காவிரிக் கால்வாய்கள் 2003-இல் அமைக்கப்பட்ட காவிரி நீராவரி நிகமத்தின் பொறுப்பு. ஏரி ஒருவருடையது, அதன் வரத்துக் கால் செல்லும் நிலமோ மாநகராட்சி, ஊராட்சி, வருவாய்த் துறை, தனியார் எனப் பலருடையது. ஏரியின் உரிமையாளருக்கு வேலிக்கு வெளியே அதிகாரமில்லை. ஆகவே மதிப்பீட்டுக் கோப்பின் முதல் தாளாகப் பாதையின் வரைபடத்திற்குப் பதில், நில அளவைத் துறை சான்றளித்த வரத்துக் கால் வரைபடத்தை இணைப்பதை விதியாக்கலாம். மொத்த ஒதுக்கீட்டில் ஒரு குறித்த பங்கு கரைக்கு வெளியே, நீர்ப்பிடிப்பில்தான் செலவாக வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தால் கல்வெட்டு ஆசை சற்றுத் தணியும்.

ஓடுவோர் சங்கங்களுக்கும் இதில் பங்குண்டு. மைசூருவில் கோடை மழை மே மாதத்திலும், பருவமழை செப்டம்பர், அக்டோபரிலும் மிகுதி. ஏப்ரல் இறுதியில் ஒரு ஞாயிறும், ஆகஸ்டு இறுதியில் ஒரு ஞாயிறும் ஏரியைச் சுற்றுவதை விட்டு, ஏரி வாயிலிருந்து மேற்கே வரத்துக் காலின் வழியே ஓடிச் சென்று, எங்கெங்கே அடைப்பு, எங்கெங்கே சாக்கடை இணைப்பு, எங்கெங்கே சுவர் எனக் குறித்துவந்து மாநகராட்சியிடமும் பல்கலைக்கழகத்திடமும் அளிக்கலாம். மாணவர்கள் அதனைக் கிராம வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கால்வாய் மனைகளுக்கிடையே மறையும் இடங்களில் ஓட்டம் தடைப்படும். அந்த இடங்களே முதலில் குறிக்க வேண்டியவை.